மலைச்சிங்கமும் மாடிவீடும்

வாடகை வீட்டின் கதவு எப்போது மூடப்படுகிறது? நாம் அதைத் தட்டுவதற்கு முன்னரே, தொலைபேசியில் முதற்சொல்லை உச்சரிக்கும்போதே மூடப்பட்டுவிடலாம் என்பதை முதுகலை மொழியியல் படித்தபோது ஓர் ஆய்வுக்கட்டுரை வழியாக அறிந்தேன். அண்மையில் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதற்காக அதை மீண்டும் வாசிக்க நேர்ந்தது. அப்போது அதில் வரும் ஓர் ஊரின் பெயர் என்னைத் தடுத்து நிறுத்தியது. அதைப் பற்றியதே இப்பதிவு. சற்று நீளமானது, நண்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் அக்கட்டுரை. தாமஸ் பர்னல், வில்லியம் இட்சார்டி, ஜான் பா ஆகிய மூவரும் எழுதி 1999இல் வெளியிட்டது. இவர்களுள் ஜான் பா கறுப்பின அமெரிக்க மொழியியலர். மூன்று வகை ஆங்கிலத்தை இயல்பாகப் பேச வல்லவர். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாடகைக்கு வீடு உண்டு என்று விளம்பரம் செய்தவர்களை அவரே தொலைபேசியில் அழைத்தார். கேட்ட வாக்கியம் ஒன்றே. ஒருமுறை வெள்ளையர் வழக்கெனக் கருதப்படும் பொது ஆங்கிலத்தில், ஒருமுறை கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில், ஒருமுறை மெக்சிகோ வழிவந்தோரின் ஆங்கிலத்தில் கேட்டார். வெள்ளையர் மிகுதியாக வாழும் உட்சைடு என்னும் ஊரில் பொது ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 70 விழுக்காட்டு அழைப்புகளில் வீட்டைப் பார்க்க நேரம் ஒதுக்கப்பட்டது. மற்ற இரு வழக்குகளுக்கும் அது 30 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பேசியவர் ஒருவரே; மாறியது ஒலிப்பு மட்டுமே. 'ஹலோ' என்ற ஒரு சொல்லைக் கேட்டே பேசுபவரின் வழக்கைப் பெரும்பாலோர் சரியாக இனங்கண்டனர் என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

என்னைத் தடுத்து நிறுத்திய பெயர் இந்த உட்சைடுதான். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே ஊர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. தனிவீட்டு மனையை இரண்டாகப் பிரித்து, மொத்தம் நான்கு குடியிருப்புகள் வரை கட்டிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் ஒன்று அவ்வாண்டு ஜனவரி முதல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. காக்கப்பட வேண்டிய விலங்குகளின் வாழிடங்களுக்கு அதில் விலக்கு உண்டு. உடனே உட்சைடு நிர்வாகம் தன் ஊர் முழுவதுமே மலைச்சிங்கத்தின் வாழிடம் என்று அறிவித்தது. மாநிலத் தலைமை வழக்குரைஞர் ராப் போன்டா அது சட்டத்துக்குப் புறம்பானது என எச்சரித்துக் கடிதம் அனுப்பிய பின், அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

பலரும் இதைக் கேட்டுச் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையையும் 2022ஆம் ஆண்டுச் செய்தியையும் அருகருகே வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

உட்சைடு அமைந்திருப்பது சான் மடேயோ கவுண்டியில். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போன்றதெனக் கொள்ளலாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 7.6 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். பேஸ்புக்கின் தலைமையகம் உள்ள மென்லோ பார்க்கும், பல ஆண்டுகளாக அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த வீட்டு விலைக்குப் பெயர்பெற்ற ஆதர்டனும் இதில் அடங்கும். 2018இல் நடுவண் வீட்டுவசதித் துறை வகுத்த வரம்பின்படி, இக்கவுண்டியில் நால்வர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 1,17,400 டாலர் ஈட்டினாலும் அது 'குறைந்த வருமானக்' குடும்பமே. ஒரு சொல்லின் பொருள் இடத்துக்கு இடம் எவ்வளவு நகரக்கூடும் என்பதற்கு மொழியியல் வகுப்பில் இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இவ்விலையைச் சந்தையின் இயல்பு என்று சொல்வோர் உண்டு. நல்ல வேலை, நல்ல வானிலை, நல்ல பள்ளிகள்; எனவே விலை ஏறுகிறது என்பர். அது பாதி உண்மை. விரும்புவோர் பெருகினால் வீடுகளும் பெருகவேண்டும். அங்கே அதைத் தடுப்பது விதி. ஆதர்டனின் பெரும்பகுதியில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஓர் ஏக்கர் நிலம் வேண்டும். ஓர் ஏக்கரில் ஒரு குடும்பம்தான் வாழலாம் என்று எழுதிவைத்த பிறகு, அந்நிலத்தின் விலையை வானிலை மட்டும் தீர்மானிப்பதில்லை.

இவ்விதிகளின் வரலாறு ஒரு சொல்மாற்றத்தின் வரலாறும்கூட. இனத்தின் பெயரால் ஊரைப் பகுத்து ஒதுக்கும் நகராட்சி விதிகள் செல்லா என 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1926இல் அதே நீதிமன்றம், தனிவீட்டுப் பகுதியில் அடுக்குமாடிகளை விலக்கும் விதி செல்லும் என்றது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் அடுக்குமாடிக் கட்டடத்தை 'ஒட்டுண்ணி' என்று குறித்தார். வெள்ளையரல்லாதாருக்கு விற்கலாகாது என்று பத்திரத்தில் எழுதும் வழக்கத்துக்கு 1948 வரை நீதிமன்றங்கள் துணைநின்றன. வீட்டுவசதியில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் நடுவண் சட்டம் 1968இல் வந்தது. அதன்பின் பொதுக்கூட்டங்களில் நிறத்தின் பெயரை எவரும் சொல்வதில்லை. 'ஊரின் தன்மை', 'போக்குவரத்து நெரிசல்', 'மரங்கள்' என்றே பேசுகின்றனர். கடைசியில் மலைச்சிங்கமும் வந்து சேர்ந்தது. சொற்கள் மாறின, ஓர் ஏக்கருக்கு ஒரு வீடு என்ற விதி மாறவில்லை.

இங்கே நான் கவனமாக இருக்க வேண்டும். 'ஊரின் தன்மை' என்று பேசும் ஒவ்வொருவரும் உள்ளத்தில் நிறவெறியை மறைத்துவைத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. காட்டுத்தீ அங்கே மெய்யான அச்சம். ஓய்வூதியத்தில் வாழும் முதியோரின் கவலையும் மெய்யானது. 1978இல் வாக்காளர் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, சொத்து கைமாறும்வரை அதன் வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராதபடி செய்தது. அது பல முதியோரைத் தம் வீட்டிலேயே இருக்கச் செய்தது. ஆனால் அதே ஏற்பாடு, முன்பே வாங்கியவருக்குச் சிறுவரியும் புதிதாக வருபவருக்குப் பெருவரியும் என்ற நிலையையும் உண்டாக்கியது. விலையேற்றத்தின் சுமை தம்மேல் விழாதபோது, புதுவீடுகளை எதிர்ப்பதால் பழைய உரிமையாளருக்கு இழப்பேதும் இல்லை.

ஆகவே ஒரு சொல்லை மதிப்பிடும்போது, சொன்னவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று தேடுவதைவிட, அச்சொல்லால் யார் வெளியே நிற்கிறார் என்று பார்ப்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து. அங்கே வெளியே நிற்பவர்கள் பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், சமையற்காரர்கள், தோட்டப் பணியாளர்கள். அவர்களுள் பலர் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள டிரேசி, ஸ்டாக்டன் போன்ற ஊர்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டு வருகின்றனர். சாலை நெரிசலுக்கு அஞ்சி வீடு கட்டுவதைத் தடுத்தவர்களின் சாலைகளில் அவர்களின் வண்டிகளே நாள்தோறும் நெரிகின்றன.

ஆதர்டனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா இனிக் கட்டியெழுப்பியாக வேண்டும் என்று 2020இல் புகழ்பெற்ற கட்டுரை எழுதியவர் முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன். 2022இல் தம் ஊரில் பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கு இடம் ஒதுக்கும் திட்டம் வந்தபோது, அவரும் அவர் மனைவியும் அதை எதிர்த்து நகர நிர்வாகத்துக்கு எழுதினர். எல்லாரும் கட்ட வேண்டும், என் தெருவில் மட்டும் வேண்டா என்னும் இம்மனநிலையில் தனிமனிதரைக் குறைகூறிப் பயனில்லை. தெருவுக்குத் தெரு முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தால் எந்தத் தெருவும் மறுக்கவே செய்யும். எனவேதான் எல்லா வருமானத்தாருக்கும் வீடமைக்கத் திட்டம் தருமாறு ஒவ்வோர் ஊரையும் கலிபோர்னியா எட்டாண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயப்படுத்துகிறது. உள்ளூர் உரிமையில் மாநிலம் தலையிடுவதாக அதைக் குறைகூறுவோர் உண்டு. அந்த ஊரில் வேலை செய்தும் குடியிருக்க இயலாதவருக்கு அங்கே வாக்குரிமை இல்லை. அவருக்காகப் பேச மேலுள்ள அரசைத் தவிர யார் இருக்கிறார்?

இத்தனை தொலைவிலுள்ள ஒரு கவுண்டியைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என்று கேட்கலாம். என் மறுமொழி இரண்டு.

ஒன்று, என் சொந்த அனுபவம். ஆய்வுக்காக இந்த வட இந்திய நகரத்துக்கு வந்தபோது ஓர் அறைக்காகத் தொலைபேசியில் அழைத்தேன். என் இந்தியைக் கேட்டதும் எந்த ஊர் என்றார். அடுத்து இறைச்சி உண்பீர்களா என்றார். பிறகு அறை நேற்றே போய்விட்டது என்றார். அரைமணி நேரத்துக்குப் பின் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட என் வகுப்புத் தோழர் அழைத்தார். அறை இருந்தது. ஜான் பாவின் ஆய்வை நான் அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். எனக்கு நேர்ந்தது சிறிது. இசுலாமியப் பெயரோடும் ஒடுக்கப்பட்ட சாதிப் பின்னணியோடும் வீடு தேடும் என் நண்பர்களுக்கு நேர்வது அன்றாடம்.

இரண்டு, சட்டம். அமெரிக்காவில் பாகுபாடு வேற்றுச் சொற்களின் பின்னே ஒளியவேண்டியிருக்கிறது. அவற்றை விலக்கிப் பார்க்க 1968ஆம் ஆண்டுச் சட்டம் உதவுகிறது. இங்கே ஒளியவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. ஒரு சமயத்தாருக்கு மட்டுமே உறுப்புரிமை தரும் அகமதாபாத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் விதியை 2005இல் நம் உச்ச நீதிமன்றம் செல்லுமென ஏற்றது. தனியார் வீட்டு உரிமையாளர் சாதி, மதம் பார்த்து மறுப்பதை நாடு முழுமைக்கும் தடைசெய்யும் சட்டம் நம்மிடம் இல்லை. அச்சட்டம் வேண்டும் என்பதே இப்பதிவின் வேண்டுகோள்.

சான் மடேயோவில் வாழும் நம்மவரும் இதை வாசிப்பீர்கள் என்று அறிவேன். உங்கள் நகரமன்றக் கூட்டத்தில் 'ஊரின் தன்மை' என்ற சொல் அடுத்தமுறை எழும்போது, அத்தன்மைக்குள் நீங்கள் நுழைய யார் வழிவிட்டார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு எழுந்து பேசுங்கள். உங்கள் குரலுக்கு இப்போது அங்கே நேரம் ஒதுக்குவார்கள்.