சின்னப் பையன்தானே!

“ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிருவான்.” கல்யாணம் முடிந்ததும், “ஒரு பிள்ளை பொறந்தா பொறுப்பு தானா வந்துரும்.” பிள்ளையும் பிறந்ததும், “சின்னப் பையன்தானே, போகப் போகத் திருந்துவான்.” ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலும் மலாக்கா டவுன் அடுக்குமாடிகளிலும் ஒவ்வொரு காதுகுத்திலும் நான் கேட்கும் வாக்கியங்கள் இவை. மூன்றிலும் அவன் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. எல்லாம் தானாக நடக்கும். அவன் வாசலில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

நம் எழுத்தாளர்களிடம் கேட்டால் வரலாற்றை எடுத்துக்கொண்டு வருவார்கள். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து தொடங்குவார்கள். தப்பில்லை. தோட்டம் ஆம்பளையை வளர விடவில்லை என்பது உண்மைதான். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் போய் நிற்கணும். வீடு துரை கொடுத்தது. சம்பளம் கிராணி எண்ணிக் கொடுத்தது. பிள்ளையை ஆயாக்கொட்டகை பார்த்துக்கொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாக மாறி, சனங்கள் டவுனுக்கு வந்தபோது இதெல்லாம் ஒன்றாகக் கைவிட்டுப் போனது.

சரி. ஆனால் அதே பெரட்டில் அவளும்தானே நின்றாள்? அவளுக்கும் அதே துரை, அதே கிராணி. மரம் வெட்டிவிட்டு வந்து அவள்தான் சோறாக்கினாள், காய்ச்சல்கார பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தாள். ஒரே வரலாறு அவளை இருபதில் கிழவியாக்கி, அவனை முப்பதிலும் பையனாக வைத்திருக்கிறது என்றால், வரலாற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நடுவில் நாம் கொடுத்த சலுகை இருக்கிறது. இடிந்துபோன ஆயாக்கொட்டகையின் வேலையைப் பாட்டிகளின் மடியில் இறக்கி வைத்ததும் நாம்தான்.

பொறுப்பான அப்பா என்றால் யார்? ‘ஜகாட்’ (2015) படத்தின் மணியத்தை நினைத்துப் பாருங்கள். உழைக்கிறார், மகன் படிக்கணும் என்று தவிக்கிறார், அதற்காகவே அடிக்கிறார். காணாமல் போகிற அப்பா, பிரம்பெடுக்கிற அப்பா, நமக்குத் தெரிந்தது இந்த இரண்டுதான். பிள்ளைக்கு எத்தனை மில்லி மருந்து என்று தெரிந்த அப்பாவை நம் கதைகளில் தேடித்தான் பார்க்கணும்.

சட்டமும் பெரிதாக மாறவில்லை. 2023 ஜனவரி 1 முதல் தாய்க்கான பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது. தந்தைக்கு 7 நாள். அதுவும் அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்கணும். உணவு டெலிவரி ஓட்டுகிறவனுக்கு அந்த ஏழும் இல்லை. இதற்காகச் சண்டை போட வேண்டும், நானும் வருகிறேன். ஆனால் கிடைத்த ஏழு நாளில் எத்தனை நாள் கூட்டாளிகளோடு போனது என்பதையும் பேசுவோம்.

என் மகள் பிறந்த வாரம் நானும் வெளியில்தான் சுற்றினேன். ஜாலிக்காக இல்லை, பயம். தூக்கினால் கழுத்து என்னாகுமோ என்ற பயம். அதை வீட்டில் சொல்லியிருந்தால் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். “ஆம்பளைப் பிள்ளை, விடுங்க” என்றார்கள். அந்த நிமிஷம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த காதுகுத்தில் யாராவது “சின்னப் பையன்தானே” என்றால் சிரித்துக்கொண்டு நகராதீர்கள். பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்று அவனையே கேளுங்கள். தெரியாது என்றால், கிளினிக் அட்டையை அவன் கையில் கொடுங்கள்.