பொதிகை யாருக்கு?

கூடங்குளத்தில் நின்று தெற்கே திரும்பினால் கடல். வடமேற்கே திரும்பினால் மலை. கடலோரத்தில் அணு உலை. உலைக்கும் மலைக்கும் இடையே காற்றாலைக் காடு. உலைக்கூடத்தில் ஒப்பந்தக் கூலியாய் உழைப்பவர், காற்றாலைக் கோபுரத்தில் ஏறி இறங்குபவர், பீடி சுற்றும் பெண், வலை வீசும் மீனவர் – அனைவரும் அன்றாடம் அந்த மலையைப் பார்க்கிறார்கள். பார்ப்பதோடு சரி! வெயில் வாட்டும் சித்திரையிலே, அந்த மலையடிவாரத்தில் ஒருநாள் தங்கி, அருவியிலே குளித்து, அணைக்கரையிலே கட்டுச்சோறு உண்டு திரும்பவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இல்லையா? உண்டு. வழி உண்டா? அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

“மலையேற்றம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, அதைப்பற்றி நமது ஏடு எழுதுவானேன்?” என்று தோழர்களிலே சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குச் சொல்வோம்: எட்டு மணி நேர வேலை என்ற உரிமையைத் தொழிலாளி குருதி சிந்திப் பெற்றது, மிச்ச நேரத்தில் களைத்துப் படுத்துக் கிடப்பதற்காக மட்டுமல்ல. ஓய்வும் உரிமை. ஓய்வு உரிமையென்றால், அதைக் கழிக்க நல்லதோர் இடமும் உரிமை. கடற்கரை பொதுச்சொத்து, பூங்கா பொதுச்சொத்து, மலை மட்டும் யார் சொத்து?

நமது நெல்லைச் சீமையின் மலை சாதாரண மலையன்று. 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் காட்டுயிர்ச் சரணாலயங்கள் ஆயின. இரண்டையும் இணைத்து, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அமைந்தது. பரப்பு 895 சதுர கிலோமீட்டர். அதன் தலைமாட்டில் 1868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர் மலை. அந்த மலைத்தொடரிலே பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது தாமிரபரணி. வேறு மாநிலத்தைக் கேட்காமல், நமது மண்ணிலேயே பிறந்து நமது மண்ணிலேயே முடியும் ஆறு. ஏறக்குறைய 86,000 ஏக்கர் நிலம் அதன் பாசனத்தை நம்பி நிற்கிறது. வெள்ளையர் காலத்தில் எழுந்த 143 அடிப் பாபநாசம் அணையும், பின்னர் வந்த சேர்வலாறு அணையும், காமராசர் காலத்து மணிமுத்தாறு அணையும் மலை நடுவிலும் மலையடியிலும் நீரைத் தேக்கி வைத்துள்ளன. மலையும் ஏரியும் அருவியும் காடும் ஒரே இடத்தில்! அயல்நாட்டான் படத்திலே காட்டினால் வாய்பிளந்து பார்க்கிறோமே, அது நம் வீட்டுக் கொல்லையிலே இருக்கிறது.

இந்த மலைகளில் நடப்பதற்கு ஒழுங்கான ஏற்பாடு நெடுநாளாக இருந்ததில்லை. ஒழுங்கில்லாததன் விலை என்ன என்பதை 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டிற்று. காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் வாழவேண்டிய வயதினர். அதன் பிறகே மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில், தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்து, மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கிற்று. நெல்லைக்கும் அந்தப் பட்டியலில் இடமுண்டு. பழங்குடி இளைஞர்களும் காட்டையொட்டிய சிற்றூர் இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். நல்ல தொடக்கம்! வரவேற்கிறோம். காடறிந்தவனே காட்டுக்கு வழிகாட்டுவது நியாயம், பாதுகாப்பும் அதுவே.

ஆனால், வரவேற்பதோடு கடமை முடிந்ததா? கட்டணம் பாதைக்குப் பாதை வேறுபட்டது. சில நூறு ரூபாயில் தொடங்கி, சில ஆயிரம் ரூபாய்வரை சென்றது. பதிவு இணையத்திலே. சென்னையிலே கணிப்பொறி நிறுவனத்தில் பணியாற்றும் இளைஞனுக்கு இது ஒரு சுமையன்று. அவன் வரட்டும், அவனும் நம் பிள்ளையே. வள்ளியூரிலே கொத்து வேலை செய்பவர் மனைவி மக்களோடு வர நினைத்தால்? நாலு பேருக்குக் கட்டணம், போக்குவரத்து, இழந்த கூலி – கூட்டிப் பார்த்தாரானால், ஆசையை மடித்து மூலையில் வைத்துவிடுவார்.

ஏழை மக்கள் மலைக்குப் போகவே இல்லையா என்றால், போகிறார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சென்று பாருங்கள்! பாத்திரம் பண்டங்களோடு, பிள்ளை குட்டிகளோடு, ஆற்றங்கரையிலே குடில் போட்டுத் தங்குகிறது பெருங்கூட்டம். தார்ப்பாயும் மூங்கில் கழியும் கொண்டு, அறிவித்துக்கொள்ளாமலே நம் மக்கள் நடத்திவரும் முகாம் அது. அங்கே பக்தி எவ்வளவு, பொழுதுபோக்கு எவ்வளவு என்று நாம் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் உழைத்த உடல், குளிர்ந்த நீரையும் மரநிழலையும் தேடி ஓடுகிறது, அவ்வளவே.

அந்தக் கூட்டம் விட்டுவரும் குப்பையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆற்றிலே வீசிய பழந்துணி, கரையிலே சிதறிய பிளாஸ்டிக் பை, புதரிலே உடைந்த புட்டி! பரிகாரம் என்ற பெயரால் கட்டிய வேட்டியை ஆற்றோடு விட்டால் பாவம் கழியும் என்று எவனோ சொல்லி வைத்தான். பாவம் கழிந்ததோ இல்லையோ, ஆறு அழுக்கானது. அந்த அழுக்கு நீரையே அம்பாசமுத்திரத்தானும் நெல்லையானும் தூத்துக்குடியானும் குடிக்கவேண்டும். வனத்துறை தங்கும் நாள்களைக் குறைக்கிறது, வாகனத்தைத் தடுக்கிறது என்று குறைப்படுகிறோம். குறைப்படுவதற்கு முன், நமது கையிலுள்ள குப்பையைப் பார்க்கவேண்டாமா?

இனி, மலைமேல் ஏறுவோம், மாஞ்சோலைக்கு. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பெயர் சொன்னாலே குளிரும் இடங்கள். சுற்றுலாக்காரர்கள் மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டிச் சென்று, தேயிலைத் தோட்டத்தின் முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். படத்திலே பசுமை தெரியும். பசுமையை உண்டாக்கியவர்கள் தெரியமாட்டார்கள்.

1929இல் சிங்கம்பட்டி ஜமீன், 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. பெற்றது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1863இல் தோன்றிய நிறுவனம் அது. பர்மாவின் தேக்கு மரத்தில் வளர்ந்தது. பர்மிய மன்னர் தீபாவுக்கும் அதற்கும் எழுந்த தகராறைச் சாக்காக வைத்துத்தான் 1885இல் வெள்ளையர் படையெடுத்து அந்த நாட்டையே விழுங்கினர். அத்தகைய பழங்கம்பெனி கையில் வந்த காட்டை, அட்டைக் கடியிலும் அடைமழையிலும் நின்று தோட்டமாக்கியவர்கள் யார்? சமவெளியிலே நிலமின்றி, சாதியின் பெயரால் மிதிபட்டு, பிழைப்புத் தேடி மலையேறிய ஏழைத் தமிழர்கள்.

ஜமீன்கள் ஒழிந்தன. 1952இல் சிங்கம்பட்டி அரசின் கைக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1999 சூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் கேட்டு, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையிலே ஊர்வலம் நடந்தது. காவலர் தடியடியில் சிதறி, தாமிரபரணியிலே விழுந்து 17 உயிர்கள் மாண்டன. மாண்டவர்களிலே பச்சிளங் குழந்தையும் உண்டு. எவர் ஆட்சியில் நடந்தது என்று பார்த்து இந்தக் கணக்கை எழுதவோ அழிக்கவோ முடியாது. எந்த மலையின் நீரோ, அந்த மலையின் உழைப்பாளிகளையே அடித்துச் சென்றது, அது வரலாறு.

குத்தகை 2028 பிப்ரவரியோடு முடிவது. அதற்கு முன்னரே, 2024ஆம் ஆண்டின் நடுவில், விருப்ப ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யுமாறு தொழிலாளர்களுக்குச் சொல்லப்பட்டது. விருப்பமாம், ஓய்வாம்! நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த இடத்தைவிட்டு இறங்கு என்பதற்கு இவ்வளவு மெல்லிய பெயர்! வழக்கு நடந்தது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகம் ஏற்று நடத்தவேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை. நிலம் காடாகவேண்டும், மக்களுக்கு மறுவாழ்வு தரவேண்டும் – தீர்ப்பின் சாரம் அது.

காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம். மலையிலே மரம் நின்றால்தான் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கோடையிலும் கசிந்து, ஆறாக வரும். மரம் போனால், மழை பெய்யும்போது வெள்ளம். மழை ஓய்ந்தால் வறட்சி. அம்பாசமுத்திரத்து உழவனுக்கும் சீவைகுண்டத்து உழவனுக்கும் சோறு போடுவது அந்தக் காடே. புலியைக் காப்பது புலிக்காக மட்டுமல்ல, நமக்காகவுந்தான்.

ஆகவே, காடா மனிதனா என்பதல்ல நமது கேள்வி. நமது கேள்வி வேறு. மலையில் உழைத்தவனைக் கீழே இறக்கிவிட்டு, மலையைப் பார்க்க வருபவனை மேலே ஏற்றுவது என்ன நீதி? தேயிலை கிள்ளிய பெண்ணின் லயம் பூட்டப்பட்டு, நாளை அதே முகட்டிலே ஒரு சொகுசு விடுதி எழுமானால், அதற்குக் காடு காத்தல் என்று பெயரிட முடியுமா? எழும் என்று குற்றஞ்சாட்டவில்லை. எழக்கூடாது என்று இப்போதே எச்சரிக்கிறோம்.

உலகிலே இதற்கு முன்மாதிரிகள் இரண்டு விதமாக உண்டு. 1872இல் அமெரிக்காவிலே எல்லோஸ்டோன் என்ற பெரும் பூங்காவை அமைத்தார்கள். தேசியப் பூங்கா என்ற ஏற்பாட்டுக்கே அதுதான் மூத்தது. ஆனால், அந்த நிலத்தில் காலங்காலமாய் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த ஷோஷோனி முதலிய பூர்வகுடி மக்கள் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். பூங்கா பிறந்தது, பூர்வகுடி போனான்! அது ஒரு வழி.

இன்னொரு வழி இங்கிலாந்திலே பிறந்தது. மான்செஸ்டர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களுக்கு, புகையிலிருந்து தப்பி மூச்சுவிட அருகிலே குன்றுகள் இருந்தன. ஆனால், பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காக அவை அடைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று, கிண்டர் ஸ்கௌட் என்ற குன்றின்மேல் நூற்றுக்கணக்கான உழைப்பாளி இளைஞர்கள் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். அந்த நடையின் எதிரொலி அடங்கவில்லை. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் அதே வட்டாரம் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. தொழிலாளி நடந்த நடை சட்டமாயிற்று, தோழர்களே!

நம் மலையிலேயே ஒரு பாடம் உண்டு. 1987இல் அகத்தியர் மலையின் கேரளப் பக்கத்திலே ஆராய்ச்சியாளர் சிலர் நடந்தனர். அவர்கள் களைத்தார்கள், வழிகாட்ட வந்த காணிப் பழங்குடியினர் களைக்கவில்லை. காரணம், அவர்கள் மென்று தின்ற ஒரு சிறு காய். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. வருமானத்தில் காணி மக்களுக்கும் பங்கு என்று ஏற்பாடாயிற்று. ஏற்பாட்டிலே குறைகள் சொல்லப்பட்டதுண்டு. எனினும், காடறிந்தவனின் அறிவுக்கு விலை உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது. நமது பக்கத்துக் காரையாற்றிலும் இஞ்சிக்குழியிலும் வாழும் காணி மக்களுக்கும் அந்த மதிப்பு வேண்டும்.

அதே மலையின் உச்சிக்குப் பெண்கள் ஏறக்கூடாது என்ற தடையும் கேரளப் பக்கத்திலே இருந்தது. 2018இல் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்கவில்லை. 2019 சனவரியில் பெண் ஏறினார். மலை இடியவில்லை, மழை நிற்கவில்லை. தடை போட்டவன் மனிதன். மலை எவரையும் தடுத்ததில்லை.

எனவே நாம் கேட்பது இவை. முதலாவது, மாஞ்சோலை மக்களின் மறுவாழ்வு – வீடும், நிலமும், பிள்ளைகளுக்குப் படிப்பும் – ஏட்டோடு நில்லாமல் முடியவேண்டும். தேயிலைச் செடியை அகற்றிக் காட்டு மரம் வளர்க்கும் பணியிலும், பாதை காக்கும் பணியிலும் அவர்களுக்கே முதலிடம் வேண்டும். அந்த மண்ணின் மேடு பள்ளம் அவர்களைவிட எவருக்குத் தெரியும்? இரண்டாவது, காணி வழிகாட்டிகளின் வேலை, வருபவர் தயவில் கிடைக்கும் தினக்கூலியாக இராமல், நிலையான ஊதியமாகவேண்டும். மூன்றாவது, மலையடிவாரங்களில், காட்டின் உள்ளே புகாமல், எளிய முகாம்கள் வேண்டும்: கூரை, குடிநீர், கழிப்பிடம், சமையல் மேடை. உழைப்பாளர் குடும்பம் ஒன்று ஒருநாள் கூலிக்குள் ஓர் இரவு தங்கிச் செல்லவேண்டும். நான்காவது, எத்தனை பேரைக் காடு தாங்குமோ அத்தனை பேருக்கே அனுமதி. ஆனால், அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு குறைந்த கட்டணத்தில் தொழிலாளர்க்கும் அரசுப் பள்ளி மாணவர்க்கும் ஒதுக்கப்படவேண்டும். பணம் அளவுகோலானால், மலை மீண்டும் ஜமீனாகும்!

தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த ஆடி அமாவாசைக்கு உங்கள் ஊரிலிருந்து கூட்டம் கிளம்பும்போது, நீங்களும் கிளம்புங்கள். கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் விருப்பம். கையிலே ஒரு சாக்குப் பை இருக்கட்டும். போகும்போது வெறும் பை. வரும்போது நிறைந்த பை. “ஆற்றிலே துணி விடாதே” என்று அக்காளிடமும் அண்ணனிடமும் பணிவோடு சொல்லுங்கள். மது புட்டியோடு வருபவனை வழியிலேயே திருப்பி அனுப்புங்கள். மலை எங்களுக்கும் உரியது என்று கேட்பவனுக்கே, மலையைக் காக்கும் பொறுப்பும் முதலில் உரியது. கேட்கும் வாய்க்கு வலிமை தருவது காக்கும் கைதான்.