மீட்டர் மாறட்டும், கணக்கு நம்ம கையில் இருக்கட்டும்

போன மாசம் செஞ்சி கமிட்டியில் மல்லாட்டை மூட்டை எடை போடக் காத்திருந்தேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்: "சார், நீங்க பேங்க்ல இருந்தவரு. ஸ்மார்ட் மீட்டர்னு ஒண்ணு மாட்டப் போறாங்களாமே, அத மாட்டினா மோட்டாருக்கும் காசு கட்டணுமா?" நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர், "மோட்டார விடுண்ணே, போன்ல காசு ஏத்தலேன்னா வீட்டுக் கரண்டே தானா நின்னுடுமாம்" என்றார். மூன்றாமவர், "எதுவா இருந்தாலும் மாட்ட விடக்கூடாது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் மூன்று பேர் கண்ணும் எடைத் தராசின் எண் மீதே இருந்தது. அரைக் கிலோ குறைந்தால் கேட்பதற்குத் தயாராக நின்றார்கள். "வீட்டு மீட்டரைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டேன். ஒருவரிடமும் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், நானும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து இரண்டு வருசம் வரை பார்த்ததில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு மீட்டர் மாறுவதை எதிர்க்க வேண்டியதில்லை. எந்த நிபந்தனையில் மாறுகிறது என்பதில்தான் நாம் பேச வேண்டும். பம்புசெட் கணக்கு முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், இரண்டிலும் நாம்தான் தோற்போம்.

முதலில் அது என்ன பொருள் என்று பார்ப்போம். இப்போதுள்ள மீட்டர் எண்ணிக்கையை மட்டும் காட்டும். கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து குறித்துப் போவார். ஸ்மார்ட் மீட்டர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை எவ்வளவு ஓடியது என்று பதிந்து, தானே அலுவலகத்துக்கு அனுப்பும். அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பைத் துண்டிக்கவும் மீண்டும் கொடுக்கவும் முடியும். நம் போனிலும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். அவ்வளவுதான். அது மின்சாரத்தை மிச்சம் பிடிக்காது, வேகமாக ஓடவும் செய்யாது. ஆனால் ஒன்று. சக்கரம் சுற்றும் பழைய மீட்டர், சின்னச் சின்னப் பயன்பாட்டைச் சரியாகப் பிடிக்காமல் மெதுவாக ஓடும். அதை மாற்றினால் பில் கூடும். அது புது மீட்டரின் குற்றமல்ல, பழைய மீட்டரின் தாராளம்.

2021-ல் ஒன்றிய அரசு மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர், அதுவும் முன்பணம் கட்டும் முறையில் மாட்டுவது என்பது இலக்கு. நம் மாநிலத்தில் சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கு மேல் மாட்டிப் பார்த்தார்கள். மாநிலம் முழுமைக்குமான டெண்டரில் வந்த விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்தார்கள். டெண்டர்தான் ரத்தானது, திட்டம் ரத்தாகவில்லை. இன்றில்லாவிட்டாலும் நாளை நம் சுவருக்கு வரும்.

அப்படி வரும்போது நாம் கவனிக்க வேண்டிய முதல் விசயம் முன்பணம். இன்று நாம் எரித்துவிட்டுப் பிறகு காசு கட்டுகிறோம். பேங்க் பாஷையில் சொன்னால், வாரியம் நமக்குக் கடன் கொடுக்கிறது, அதற்கு ஈடாக டெபாசிட் வாங்கி வைத்திருக்கிறது. முன்பண மீட்டரில் நாம் வாரியத்துக்குக் கடன் கொடுக்கிறோம். கணக்குத் திசை மாறுகிறது. அப்படியானால் டெபாசிட் எதற்கு? 2003-ம் வருச மின்சாரச் சட்டத்தின் 47-வது பிரிவே, முன்பண மீட்டருக்கு ஒப்புக்கொள்பவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 56-வது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்கிறது. இருப்பு தீர்ந்ததும் தானாக நிற்கும் மீட்டரில் அந்த 15 நாள் எங்கே போகும்? அறுப்புக் கூலி கொடுத்துவிட்டு, நெல் போட்ட பணம் வராமல் பத்து நாள் கை வறண்டு கிடப்பது நமக்குப் பழக்கம். மாதச் சம்பளக்காரருக்கு ஏற்ற முறை உழவன் வீட்டுக்கு ஏற்காது. வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் சரி, பணம் பின்னால்தான் என்பதே நம் நிலையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மாதக் கணக்கு. மாதம் ஒரு முறை மின் கணக்கீடு என்பது 2021 தேர்தலிலேயே வாக்குறுதியாக வந்தது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் அது சுலபம், கணக்கெடுப்பு நாலு நாள் தள்ளிப் போய் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது என்ற புலம்பலும் இருக்காது. ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை மாதத்துக்கு 50 என்று பிரித்தால் என்ன ஆகும்? ஒரு மாதம் 30 யூனிட், அடுத்த மாதம் கோடையில் 70 யூனிட் ஓடும் வீடு இன்று ஒரு பைசா கட்டுவதில்லை. பிரித்துவிட்டால் 20 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். மிஞ்சிய யூனிட் அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கப்படுமா என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

மூன்றாவது, நேரத்துக்கு ஒரு விலை. 2023-ல் திருத்திய ஒன்றிய விதிகள், வெயில் நேரத்தில் விலை குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல் என்ற முறையைச் சொல்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய வீட்டுக்கும் அது பொருந்தும், விவசாய இணைப்புக்கு மட்டும் விலக்கு. பகலில் மாவரைக்கவும் துணி துவைக்கவும் முடிகிறவர்களுக்கு லாபம். பகலெல்லாம் கழனியில் இருந்துவிட்டு ராத்திரிதான் வீட்டு வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு நட்டம். மாநில ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் பற்றிக் கருத்துக் கேட்கும்போது இதைச் சொல்ல உழவர் சங்கத்திலிருந்து நாலு பேராவது போக வேண்டும்.

இனி கமிட்டியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மோட்டாருக்குக் காசா?

இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை ரோடுகளை மாட்டுவண்டிகள் நிறைத்தன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது யாரும் தூக்கிப் போட்ட சலுகையல்ல.

காகிதத்தில் இருப்பதைப் பார்த்தால், அந்த 2021-ம் வருசத் திட்டம் விவசாய இணைப்புகளுக்குத் தனித்தனி மீட்டர் கேட்கவில்லை. அவை சிதறிக் கிடப்பதால், ஊருக்கு வரும் மின்பாதையில், அதாவது ஃபீடரில், மீட்டர் வைத்தால் போதும் என்றே சொல்கிறது. ஆனால் அதற்கு முந்தின வருசம், 2020-ல் வந்த மின்சாரத் திருத்த மசோதா வரைவு வேறு ஒன்றைச் சொன்னது. முதலில் முழுக் கட்டணத்தையும் கட்டு, மானியம் உன் பேங்க் கணக்குக்கு வரும் என்றது. டெல்லி எல்லையில் ஒரு வருசம் உட்கார்ந்த விவசாயிகள், மூன்று வேளாண் சட்டங்களோடு இந்த மசோதாவையும் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

பேங்க் கணக்குக்கு மானியம் வரும் என்பதன் அர்த்தம் எனக்குத் தெரியும். 2015 ஜனவரியில் சமையல் கேஸ் மானியம் நாடு முழுக்கக் கணக்குக்கு மாறியபோது, ஆதார் நகலை வாங்கி இணைத்தவர்களில் நானும் ஒருவன். "அம்மா, காசு தானா வந்து விழும்" என்று எத்தனையோ பேரிடம் கவுண்டரில் சொன்னேன். விழுந்தது. பிறகு சுருங்கியது. 2020 நடுவில் பெரும்பாலான வீடுகளுக்கு நின்றே போனது. பாஸ்புக்கை நீட்டிக் கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மானியத்தை ரத்து செய்கிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. வரவு நின்றது, அவ்வளவுதான். அதனால் பம்புசெட்டில் பணம் கட்டும் மீட்டரும் கணக்கில் விழும் மானியமும் சேர்ந்து வந்தால், நான் கமிட்டியில் பேசிய மூன்றாமவர் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் அளப்பதே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள் உள்ளன, பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. நாம் எவ்வளவு எடுத்தோம் என்பது மதிப்பீடு. வழியில் கசிந்ததும் திருடு போனதும் நம் தலையில் எழுதப்பட்டால் மறுக்க நம்மிடம் ஒரு எண்ணும் இல்லை. மகாராஷ்டிரத்தில் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழுவே, விவசாயப் பயன்பாடு மிகையாகக் காட்டப்பட்டிருப்பதாகக் கண்டது. ஃபீடர் மீட்டரின் கணக்கை ஊருக்கு ஊர் எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்போம். அது நமக்குச் சாட்சி.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு எச்.பி. என்பது 746 வாட். 5 எச்.பி. மோட்டார், அதன் இழப்பையும் சேர்த்தால், ஐந்து மணி நேரத்தில் 20 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு சின்ன வீடு இரண்டு மாதத்தில் எரிக்கும் 100 யூனிட்டை நம் மோட்டார் ஐந்தே நாளில் முடித்துவிடும். நான் மோட்டார் கொட்டகையில் ஒரு நோட்டு தொங்கவிட்டு, போட்ட நேரமும் நிறுத்திய நேரமும் எழுதுகிறேன். வாழைக்கு மூடாக்குப் போடும் முன் நாலு நாளைக்கு ஒரு தண்ணீர். போட்ட பிறகு ஆறு நாள் தாங்குகிறது. இதை நோட்டுதான் எனக்குச் சொன்னது. இலவசம் என்பது நமக்குக் கரண்டுதான், கிணற்றுத் தண்ணீர் இலவசமல்ல. ரசாயன உரச் செலவை எழுதிப் பார்த்துத்தானே நம்மில் பலர் இயற்கைக்குத் திரும்பினோம்? தண்ணீரையும் எழுதுவோம்.

கடைசியாக, வீட்டுக்கு மீட்டர் மாட்ட வரும்போது செய்ய வேண்டியவை. பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் புது மீட்டரின் முதல் எண்ணையும் மீட்டர் எண்ணோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் தொண்டூர் மலையில் சமண முனிவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள், யார் சொல்லி யார் செய்தது என்று தமிழ் பிராமியில் கல்லிலேயே பொறித்து வைத்தார்கள். ஒரு துண்டுச் சீட்டு கேட்பதற்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? உங்கள் போன் எண் இணைப்பில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். போன் மகனிடம் வெளியூரில் இருந்தால், மாதா மாதம் வெள்ளை அட்டையிலோ நோட்டிலோ எண்ணை எழுத வீட்டில் ஒருவரைப் பழக்குங்கள்.

பிறகு சோதனை. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தால் மீட்டரின் சிவப்பு விளக்குச் சிமிட்டக் கூடாது. சிமிட்டினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வாளித் தண்ணீரில் போடும் 1000 வாட் கம்பி ஹீட்டரை மட்டும் அரை மணி ஓட்டினால் கிட்டத்தட்ட அரை யூனிட் காட்ட வேண்டும். வோல்டேஜ் குறைந்த ஊரில் கொஞ்சம் குறையும், கூடக் கூடாது. கூடினால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 2024-ல் திருத்திய விதிப்படி, புகார் வந்த ஐந்து நாளுக்குள் பக்கத்திலேயே இன்னொரு மீட்டர் வைத்து மூன்று மாதமாவது ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். மின்னகம் 94987 94987 என்ற எண்ணிலும் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர்.

இந்த மாதம் ஒன்று மட்டும் செய்யுங்கள். கணக்கெடுப்பவர் வருவதற்கு முன் நீங்களே உங்கள் மீட்டரைப் படித்து, காலண்டரில் எழுதி வையுங்கள். அவர் எழுதுவதும் நீங்கள் எழுதியதும் ஒத்துப் போகிறதா பாருங்கள். மல்லாட்டை எடையில் அரைக் கிலோவுக்குக் கண் சிமிட்டாமல் நிற்கிறவர்கள் நாம். நம் வீட்டுச் சுவரில் இருப்பதும் தராசுதான்.