ஊசி வழியே வரும் மருத்துவம்

மண்ணூரைச் சுற்றிலும் காரும் கைபேசியும் உருவாகின்றன. ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து முழங்காலைப் பிடித்தபடி இறங்குவோரையும் நாம் காண்கிறோம். மூட்டிலுள்ள குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அது சிதைந்தால் தானாக ஆறுவது அரிது.

இதற்கு விஞ்ஞானிகள் ஆராய்ந்து வரும் வழிகளுள் ஒன்று, ஊசியால் செலுத்தும் 'ஹைட்ரோஜெல்'. பெயர்தான் புதிது. சப்ஜா விதையை நீரிலிட்டால் சுற்றிலும் வழுவழுப்பாகத் திரள்கிறதல்லவா? நீரைப் பிடித்து வைக்கும் வலை அது. கொலாஜன் என்னும் புரதத்தைப் பக்குவப்படுத்தினால், குளிரில் நீராக இருந்து, உடலின் 37 டிகிரிச் சூட்டில் கூழாகத் திரளும். (அம்மா காய்ச்சும் கடற்பாசி இதற்கு நேர்மாறு, அது ஆறினால்தான் உறையும்!) உயிரணுக்களைக் கலந்து செலுத்தினால், பள்ளம் எவ்வடிவில் இருந்தாலும் கூழ் நிரப்பிக்கொள்ளும். அவ்வலையைப் பற்றி உயிரணுக்கள் வளர்ந்து புதுத் திசு உண்டாக வேண்டும் என்பதே நோக்கம்.

இவையெல்லாம் வெளிநாட்டார் வேலை என்று சொல்வோரை நாம் ஒப்பவில்லை. கொலாஜன் மூன்று சுருள் இழைகள் சேர்ந்தது என்று 1954-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். ஆராய்ச்சிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கங்காருவின் வால் தசைநாண்! அதைத் தந்தது அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். செருப்புக்கான தோலைப் பதனிட வழி காணும் இடத்திலிருந்து மருத்துவத்துக்கு ஒரு வாசல் திறந்தது.

திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் இதய வால்வை இங்கேயே உருவாக்கி, 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. வெளிநாட்டு வால்வைவிட அதன் விலை மிகக் குறைவு.

2021-இல் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்த நான்கு மருத்துவக் கருவிப் பூங்காக்களுள் ஒன்று நம் பக்கத்து ஒரகடத்துக்குரியது. அங்கே வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டும் வேலை மட்டும் நடந்தால் போதாது என்பது நம் கருத்து. இத்தகைய கூழை ஆராயும் கூடமும் வேண்டும். உடலுக்குள் செல்லும் பொருளாதலால் சோதனைகளில் அவசரம் கூடாது. விலை, இரவு ஷிப்டுக்காரரின் சம்பளத்தை நினைத்து வைக்கப்பட வேண்டும், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே அது கிடைக்க வேண்டும். பெற்றோரே, பிளஸ் டூவுக்குப் பின் கம்பெனி வேலைதான் என்று முடிவு கட்டுமுன், உயிரியலும் வேதியியலும் படிக்க எங்களை அனுப்புங்கள். அந்தக் கூடத்துக்கும் ஆள் வேண்டுமே!