போதகரின் நாற்காலியில் இன்னொருவர் வேண்டாம்

பள்ளி விட்டு வந்த பிள்ளை, வீட்டில் அம்மாவைக் காணோம் என்றால் பக்கத்து வீட்டில் போய்த் தேடும். அமெரிக்காவின் தீவிர சுவிசேஷ சபைகளில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அப்போது வந்த பயமே வேறு. இயேசுவின் இரகசிய வருகை நடந்துவிட்டது, விசுவாசிகள் எல்லாரையும் அவர் வானத்துக்கு எடுத்துக்கொண்டார், பாவியான நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று அவர்கள் நடுங்கினார்கள். 1972இல் வந்த ‘எ தீஃப் இன் த நைட்’ படத்தைச் சபை சபையாகத் திரையிட்டு இந்தப் பயத்தை வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று முதுமையை எட்டியிருக்கிறார்கள். சபையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும், வீடு வெறிச்சோடிக் கிடந்தால் நெஞ்சு படபடக்கிறவர்கள் அவர்களில் உண்டு.

மிஷனரி குடும்பத்தில் பிறந்த உளவியலாளர் மார்லீன் வினெல், 2011இல் இதற்கு ‘மத அதிர்ச்சி நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அப்படியொரு நோய் கிடையாது. 1994 பதிப்பில் ‘மதம் அல்லது ஆன்மிகம் சார்ந்த பிரச்சினை’ என்ற தலைப்பு சேர்ந்தது, ஆனால் நோயாக அல்ல. அதை மட்டும் எழுதினால் காப்பீட்டு நிறுவனம் பொதுவாகப் பணம் தராது. அதனால் பதற்றம், மனச்சோர்வு என்று வேறு பெயரில் சீட்டு எழுத வேண்டியிருக்கிறது.

சிகிச்சையாளரைத் தேடிப் போனால் அடுத்த சிக்கல். ஜே ஆடம்ஸ் என்ற போதகர் 1970இல் எழுதிய நூலிலிருந்து ‘வேதாகம ஆலோசனை’ என்றொரு மரபு கிளைத்தது. உடல்நோய் காரணமாக இல்லாத மனத்துயரங்களுக்குப் பெரும்பாலும் பாவமே வேர் என்பது அவர் வாதம். பல மாநிலங்களில் போதகர்கள் ஆலோசனை சொல்ல உரிமம் தேவையில்லை. சபையிலிருந்து தப்பி ஓடியவர் ஆலோசகர் என்று நம்பிக் கதவைத் தட்டினால், உள்ளே உட்கார்ந்திருப்பது அதே சபையாகவும் இருக்கலாம்! டென்னசி மாநிலமோ, தன் கொள்கைக்கு ஒவ்வாத நோக்கங்களோடு வருபவரை ஆலோசகர் வேறொருவரிடம் அனுப்பிவிடலாம் என்று 2016இல் சட்டமே போட்டது. அமெரிக்க ஆலோசகர் சங்கம் இதை எதிர்த்து, மறு ஆண்டு நாஷ்வில்லில் நடத்தவிருந்த மாநாட்டை அங்கிருந்து மாற்றிக்கொண்டது.

2012இல் டேரல் ரே என்ற உளவியலாளர் தொடங்கிய ‘செக்யுலர் தெரபிஸ்ட் ப்ராஜெக்ட்’ இந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தது. சிகிச்சையில் மதத்தைக் கலக்காதவர்களை அது தேடுபவரோடு சேர்த்துவைக்கிறது. இரு தரப்பு அடையாளமும் முதலில் மறைவாகவே இருக்கும். பக்தி மிகுந்த ஊரில் ‘மதம் சாராதவர்’ என்று பெயர் வெளிப்பட்டால் சிகிச்சையாளருக்கே பிழைப்பு போகலாம்.

அதற்காக, கடவுள் மறுப்பாளர் கிடைத்தால் போதுமா? போதாது. மதத்தைக் கிண்டல் செய்யும் சிகிச்சையாளர், அம்மா இன்னும் பழைய சபையின் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு என்ன செய்துவிட முடியும்? போதகரை விட்டாலும் கடவுளை விடாதவர்களும் சபையை விட்டு வந்தவர்களில் இருக்கிறார்கள். பக்தியுள்ள சிகிச்சையாளர் ஒருவர், தன் பக்தியை வாசலில் வைத்துவிட்டு வரத் தெரிந்தவரானால், தாராளமாகப் போதும். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிறு வயதிலிருந்தே கீழ்ப்படிந்து பழகியவர், சிகிச்சையாளர் சொல்வதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்வார். போதகரின் அந்த நாற்காலியில் உட்கார மறுப்பவரே நல்ல சிகிச்சையாளர்.

அமெரிக்காவில் சிகிச்சையாளர்கள் பலர் முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. உரிமம் எந்த மாநிலத்தில், அதிர்ச்சிக்கான சிகிச்சையில் என்ன பயிற்சி, சபையை விட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறாரா, ஜெபம் செய்யச் சொல்வாரா, குடும்பத்தை மன்னிக்கும்படி வற்புறுத்துவாரா என்று அப்போதே கேட்டுவிடலாம். மழுப்பினால், பட்டியலில் அடுத்த எண்ணை அழைக்க வேண்டியதுதான்.