நினைவுக்கல்லும் காணி உறுதியும்

இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபின், களத்திலிருந்து மீண்ட வீரர்க்குப் பல நாடுகள் வீடும் நிலமும் வழங்கின. அக்குடியிருப்புகள் இன்று மரபுச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. மகிழ்கிறோம்.

1942இல் மலாயா வீழ்ந்தபோது, நேச நாடுகளுக்காகப் பால்வெட்டிய சப்ரகமுவ ரப்பர்த் தொழிலாளி பெற்ற பரிசு யாது? 1946இல் அரசு கேகாலை நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராமத்தவர்க்கெனக் கையேற்று, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை வெளியேறப் பணித்தது! நிலமற்ற கிராமத்தவர்க்கு நிலமளிப்பது நியாயமே. உழைத்தவனைத் தெருவில் நிறுத்தி அளிப்பதே அநீதி. அதனை எதிர்த்துச் சப்ரகமுவத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று.

நேவ்ஸ்மியரில் நினைவுக்கல் நாட்டுக எனக் கேட்கிறோம். ஆயினும் கல் மட்டும் போதாது. இன்றும் லயத்தில் வாழ்வோர் கையில் காணி உறுதி சேர வேண்டும். அதுவே மெய்யான நினைவுச் சின்னம்!