கதவு திறக்கும் என்று காத்திருப்போருக்கு

சில மாதங்களுக்கு முன்னர் நல்லூரில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். உக்ரேன் போரை அலசிய பேச்சாளர், ரஷ்யாவுக்கும் மேற்குலகுக்கும் இடையிலான முறுகல் முற்ற முற்ற ஈழத்தமிழருக்கான கதவு தானாகவே திறக்கும் என்று கூறி உரையை முடித்தார். மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை. நாடுகளின் பெயர்களை மட்டும் மாற்றி, இதே வசனத்தைப் பல ஆண்டுகள் அச்சுக்கு அனுப்பியவன் நான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

2008 பெப்ரவரி 17ஆம் திகதி கொசோவோ சுதந்திரப் பிரகடனம் செய்தது. அன்றிரவு எமது செய்தி மேசையில் நிலவிய மகிழ்ச்சி இன்னமும் நினைவில் இருக்கிறது. ஏ-9 பாதை 2006 ஆகஸ்ட் முதல் மூடப்பட்டு, குடாநாடு திறந்தவெளிச் சிறையாக இருந்த காலம் அது. "அடுத்தது நாங்கள்தான் அண்ணை" என்றார் இளம் செய்தியாளர் ஒருவர். மறுநாளே அமெரிக்காவும் பிரித்தானியாவும் கொசோவோவை அங்கீகரித்தன. இது ஏனைய நாடுகளுக்கும் முன்னுதாரணமாகிவிடும் என்று கொழும்பு பதறியது. ரஷ்யாவும் கடுமையாக எதிர்த்தது. கொசோவோ ஒரு விசேட விவகாரம், வேறெவருக்கும் பொருந்தாது என்று மேற்குலகு சொன்னதை நாம் காதில் வாங்கவில்லை.

ஆறு மாதங்கள் கழிந்தன. ஜோர்ஜியாவுடனான போரையடுத்து, ஆகஸ்ட் 26ஆம் திகதி அப்காசியாவையும் தென் ஒசேத்தியாவையும் மொஸ்கோ தனிநாடுகளாக அங்கீகரித்தது. இப்போது ஆள்புல ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசியது மேற்குலகு. 2014இல் கிரிமியாவை இணைத்துக்கொண்டபோது, தான் எதிர்த்த அதே கொசோவோவையே புட்டின் முன்னுதாரணமாகக் காட்டினார். பிரிந்துபோகக் கேட்ட செச்னிய மக்கள் மீது இரண்டு போர்களை நடத்திய நாட்டின் வாயிலிருந்து இது வந்தது என்பதையும் மறக்கலாகாது. சுயநிர்ணய உரிமை இவர்கள் இரு தரப்பினருக்கும் ஒரு குடை. மழைக்கு விரிப்பார்கள், மழை விட்டதும் மூலையில் சாத்துவார்கள்.

எமது மழை 2009இல் பெய்தது. முள்ளிவாய்க்காலின் சாம்பல் ஆறுமுன், மே 26, 27ஆம் திகதிகளில் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் விசேட அமர்வு கூடியது. கொழும்புக்கு ஆதரவான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12, நடுநிலை வகித்தவை 6. ரஷ்யா, சீனா, இந்தியா, கியூபா ஆகிய நான்கும் ஆதரித்தன. இன்று உலகின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பும் உக்ரேன் அன்று நடுநிலை வகித்தது. எம் தலைக்கு மேல் வந்த மிக் 27 விமானங்கள் சோவியத் தயாரிப்புகள். 2000ஆம் ஆண்டு முதல் கொழும்புக்கு அவற்றை விற்றது உக்ரேன். அந்த 12 நாடுகளிலும் மேற்குலகே பெரும்பான்மை என்று சிலர் ஆறுதல் கொள்வர். போர் நடந்துகொண்டிருந்தபோது அதனை நிறுத்த அந்த நாடுகள் என்ன செய்தன என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும்.

"சிறிய இனம் வல்லரசுகளின் முரண்பாட்டைப் பயன்படுத்தித்தானே வாழ வேண்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சந்தைக்குப் போகிறவனின் கையில் விற்க ஏதாவது இருக்க வேண்டும். கொழும்பிடம் துறைமுகங்கள் உண்டு, ஐ.நா. பொதுச்சபையில் ஒரு வாக்கும் உண்டு. 2022 மார்ச் 2ஆம் திகதி ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தபோது, இலங்கை நடுநிலை வகித்தது. அந்த நடுநிலை மூலம் இரு பக்கமும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டது. வல்லரசுப் போட்டி அரசுகளுக்குப் பேரம். அரசற்ற எமக்கு அது வெறும் வேடிக்கை.

வேடிக்கையும் இலவசமல்ல. முகவர்களை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட வடக்கு இளைஞர்கள் சிலர் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டுவிட்டதாக 2024இல் குடும்பத்தினர் முறையிட்டனர். 554 இலங்கையர் ரஷ்யப் படையில் இணைக்கப்பட்டதாகவும் 59 பேர் உயிரிழந்ததாகவும் 2025 பெப்ரவரியில் வெளிநாட்டு அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். பேச்சாளர் சொன்ன கதவு திறக்கத்தான் செய்தது. அது போர்முனையின் கதவு.

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. கார்கிவ் நகரின் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் பிள்ளைகளோடு ஒடுங்கியிருந்த தாய்மாரின் படங்களைப் பார்த்து, "மேற்குலகுக்கு நல்ல பாடம்" என்று எழுதிய தமிழர்கள் உண்டு. உக்ரேனுக்காகக் கண்ணீர் வடித்து, காசாவுக்கு வாய் திறவாத தமிழர்களும் உண்டு. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்தவர்கள் மீது குண்டு வீழ்ந்தபோது, அது எந்த முகாமின் விமானம் என்று எவரும் கேட்கவில்லை. பதுங்குகுழிக்குள் இருந்தவனுக்குக் குண்டு போடுபவனின் கொடி ஒரு பொருட்டல்ல. அதை மறந்தால், உலகத்திடம் நீதி கேட்க எமக்கு என்ன தகுதி மிஞ்சும்?

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? இல்லை. கிடைத்தவை எவ்வாறு கிடைத்தன என்று பாருங்கள். 2022 மே 18ஆம் திகதி கனேடிய நாடாளுமன்றம் அந்நாளைத் தமிழினப் படுகொலை நினைவுநாளாக ஏற்றது. 2023 ஜனவரியில் மகிந்த, கோட்டாபய ராஜபக்ச சகோதரர்கள் மீது கனடா தடை விதித்தது. 2025 மார்ச்சில் சவேந்திர சில்வா உள்ளிட்ட நால்வர் மீது பிரித்தானியா தடை விதித்தது. இவை போதுமானவை அல்ல; தடை, தண்டனையாகாது. ஆயினும் இவற்றை மொஸ்கோவின் கோபமோ வாஷிங்டனின் கருணையோ தரவில்லை. சாட்சியங்களைச் சேகரித்தவர்களும், தொகுதி உறுப்பினர்களின் கதவை ஆண்டுக்கணக்கில் தட்டிய தமிழ் வாக்காளர்களும் உழைத்துப் பெற்றவை இவை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்த அம்மாக்களின் போராட்டம் அந்தச் சாட்சியங்களுக்கு உயிர் கொடுத்தது.

அந்த அம்மாக்களில் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துவிட்டனர். எஞ்சியிருப்போரின் வாக்குமூலங்களை முழுமையாகப் பதிவு செய்வதற்கு எந்த வல்லரசின் அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த கருத்தரங்கில் உலக வரைபடத்தை விரிப்பவர்கள், தமது ஊரில் எத்தனை பேரின் சாட்சியம் இன்னமும் எழுதப்படாமல் இருக்கிறது என்பதை முதலில் எண்ணிவிட்டு மேடையேறட்டும்.